ஒரு நிமிடக் கணக்கு

யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதிகளைச் சுற்றியுள்ள கடல் ஆழமில்லாதது. இடுப்பளவு நீரில் நின்று வலை வீசுபவர்களை வீதியில் போகும் பஸ்ஸிலிருந்தே பார்க்கலாம். பாக்கு நீரிணையை ஒட்டிய இந்தக் கடலின் பெரும் பகுதி 10 மீட்டர் ஆழத்தைத் தாண்டுவதில்லை. பழைய காலத்து நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று, மேலே தெரியாமல் மறைந்து நிற்பதற்கே 12, 13 மீட்டர் ஆழமாவது வேண்டும். ஆகவே எங்கள் பக்கத்துக் கடலில் வள்ளம் உண்டு, வத்தை உண்டு, லோஞ்ச் உண்டு. நீர்மூழ்கி மட்டும் வர வழியில்லை.

அப்படிப்பட்ட கடலின் கரையில், புங்குடுதீவு மடத்துவெளியில், ஒரு நீர்மூழ்கிக் கப்பல் இன்னொரு கப்பலை எப்படிக் குறிவைத்துத் தாக்குகிறது என்பதை நான் விளங்கிக்கொண்டேன். விளக்கிச் சொன்னவன் என் 16 வயது மகன். அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு!

சகோதரிகளே! அடுப்படியும் பிள்ளைகளுமாக இருக்கிறவளுக்கு யுத்தக் கப்பல் எதற்கு என்று நினைக்க வேண்டாம். இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் மணிக்கணக்காக எதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது நாம் அறிந்திருக்க வேண்டிய செய்திதான். அறிந்துகொண்ட பிறகுதான் எனக்குச் சில கேள்விகள் பிறந்தன. அவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

மடத்துவெளிப் பயணம்

நாங்கள் யாழ்ப்பாணம் சோனகத் தெருக்காரர்கள். என் வாப்பா தீவுப் பகுதிக்குப் புடவை கொண்டு சென்று விற்றவர். வேலணையிலிருந்து கடலைக் குறுக்கறுத்துச் செல்லும் தாம்போதியைக் கடந்தால் மடத்துவெளி. அங்கே ஒரு வீட்டில்தான் வாப்பா பொதியை இறக்கிவைத்து இளைப்பாறுவார். அந்த வீட்டுப் பெண் என் வயதுக்காரி. விடுமுறை நாட்களில் வாப்பாவோடு நானும் போவேன். நாங்கள் தோழிகளானோம்.

1990 அக்டோபரில் வடக்கு மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரும் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டபோது நாங்களும் புத்தளம் வந்து சேர்ந்தோம். இடையில் பல வருடங்கள் அந்தத் தோழி எங்கே இருக்கிறாள் என்றே தெரியாது. யுத்தம் 2009-ல் முடிந்த பிறகு தேடிக் கண்டுபிடித்தோம். அவளுடைய தகப்பனார் இப்போதும் மடத்துவெளியிலேயே இருக்கிறார். குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் ஒரு காலத்தில் லோஞ்ச் ஓட்டியவர். வயது 80-ஐத் தாண்டிவிட்டது. கண் சற்று மங்கல். ஆனால் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை இருந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவார்.

பாடசாலை விடுமுறையில் பிள்ளைகளோடு அங்கே போயிருந்தோம். என் மகன் மடிக்கணினியையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். கடலைப் பார்க்க வந்த இடத்திலும் திரைக்குள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஐயாவுக்கு ஆச்சரியம். பக்கத்தில் போய் உட்கார்ந்து, "என்ன தம்பி, உதிலை என்ன கடல் இது?" என்று கேட்டார். அவனும் ஆசையோடு விளக்கத் தொடங்கினான். நான் தேநீர் கொண்டு போனவள், அப்படியே நின்றுவிட்டேன்.

மூன்று எண்கள்

விளையாட்டின் பெயர் 'சைலன்ட் ஹன்டர் 3'. 2005-ல் வெளிவந்தது. இரண்டாம் உலகப் போரில் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் தளபதியாக விளையாடுகிறவர் இருக்க வேண்டும். பெரிஸ்கோப் என்னும் குழாய்க் கண்ணாடி வழியாகக் கடலைப் பார்க்க வேண்டும். தூரத்தில் புகை தெரியும். பிறகு பாய்மரம் போல ஒரு கம்பம். பிறகு ஒரு சரக்குக் கப்பல்.

கையில் இருப்பது டார்பிடோ. நீருக்கடியில் தானாக ஓடிச் சென்று கப்பலின் அடிவயிற்றில் மோதி வெடிக்கும் குண்டு அது. நான் துப்பாக்கியைப் போலக் குறிபார்த்துச் சுடுவதாகத்தான் நினைத்திருந்தேன். அப்படியல்லவாம். துப்பாக்கிக் குண்டு கண் இமைக்கும் முன் போய்ச் சேரும். டார்பிடோ மெதுவானது. அது போய்ச் சேர்வதற்குள் கப்பல் நின்ற இடத்தில் நிற்காது. ஆகவே கப்பல் இப்போது இருக்கும் இடத்தைப் பார்த்து விட்டால் வெறும் தண்ணீரில்தான் போய் விழும். கப்பல் வரப்போகும் இடத்தைப் பார்த்து விட வேண்டும்.

அதற்கு மூன்று எண்கள் வேண்டும். முதலாவது தூரம். கப்பலின் கம்பம் எத்தனை உயரம் என்பது கையேட்டில் இருக்கும். அந்தக் கம்பம் கண்ணாடியில் எவ்வளவு சிறிதாகத் தெரிகிறது என்பதைக் கொண்டு தூரத்தைக் கணக்கிட்டுவிடலாம். இரண்டாவது வேகம். கண்ணாடியின் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. நம் கப்பலை அசையாமல் நிறுத்திக்கொண்டு, எதிர்க் கப்பலின் மூக்கு அந்தக் கோட்டைத் தொட்டதிலிருந்து வால் கடக்கும் வரை எத்தனை விநாடி என்று பார்க்க வேண்டும். 120 மீட்டர் நீளக் கப்பல் 24 விநாடிகளில் கடந்தால், விநாடிக்கு 5 மீட்டர். அதாவது மணிக்கு ஏறத்தாழ 10 கடல் மைல். மூன்றாவது, கப்பல் எந்தத் திசையில் முகம் வைத்துப் போகிறது என்பது. இது அளந்து அறிவதை விடப் பழகி அறிவது. தலைப்பக்கம் அதிகம் தெரிகிறதா, விலாப்பக்கம் அதிகம் தெரிகிறதா என்று பார்த்துக் கோணத்தைச் சொல்ல வேண்டும்.

மகன் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டே காட்டினான். டார்பிடோவின் வேகம் மணிக்கு 30 கடல் மைல். விநாடிக்கு 15 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். கப்பல் போகும் பாதை 900 மீட்டர் தூரத்தில் குறுக்கே கிடக்கிறது. டார்பிடோ அங்கே போய்ச் சேர 60 விநாடி. அந்த ஒரு நிமிடத்தில் கப்பல் 300 மீட்டர் நகர்ந்துவிடும். எனவே 300 மீட்டர் முன்னால் குறிவைக்க வேண்டும். 1,800 மீட்டர் தூரமென்றால் இரண்டு நிமிடம், 600 மீட்டர். தூரம் கூடினாலும் கோணம் மாறவில்லை. ஏறத்தாழ 18 பாகைதான். கப்பலின் பாதைக்குச் செங்குத்தாக நாம் நின்றுகொண்டால் தூரத்தைத் துல்லியமாக அறியாவிட்டாலும் அடித்துவிடலாம். தேர்ந்த விளையாட்டுக்காரர்கள் அப்படித்தான் செய்வார்களாம்.

பள்ளியில் கணக்குப் பாடம் என்றால் முகம் சுளிக்கும் பிள்ளை இவன்! இங்கே கோணமும் வேகமும் விகிதமும் தண்ணீர் பட்ட பாடாக இருக்கிறது. எனக்கு உள்ளூரச் சந்தோஷமாகவும் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

ஐயாவுக்கு இது உடனே விளங்கிவிட்டது. "இது எங்கடை வேலைதான் பிள்ளை" என்றார் என்னைப் பார்த்து. "நீரோட்டம் இழுக்கேக்கை இறங்குதுறைக்கு நேரை அணியத்தைப் பிடிச்சா அங்கை போய்ச் சேரேலாது. அங்காலை தள்ளித்தான் பிடிக்கோணும். ஓட்டம் எவ்வளவு, லோஞ்சின்ரை வேகம் எவ்வளவு எண்டு கண்ணாலை பாத்துச் சரிப்படுத்துவம்."

கரை சேர்வதற்கு ஐயா போட்ட கணக்கும், கப்பலை மூழ்கடிக்க அந்தத் தளபதி போட்ட கணக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்!

முன்னால் போய்க் காத்திருத்தல்

கணக்கை விடக் கடினமானது காத்திருப்பது என்றான் மகன். அக்காலத்து நீர்மூழ்கிகள் நீருக்கடியில் மின்கலத்தால் ஓடுபவை. ஜெர்மனி அதிகமாகக் கட்டிய வகை, நீர்மட்டத்தில் மணிக்கு 17 கடல் மைல் ஓடும். மூழ்கிய பின் 7 அல்லது 8 கடல் மைல்தான். அதையும் நீண்ட நேரம் ஓட முடியாது. எனவே மூழ்கியபடி கப்பலைத் துரத்திப் பிடிக்க முடியாது. இரவில் கண்ணுக்கெட்டாத தூரத்தில் நீர்மட்டத்தில் ஓடி, கப்பலை முந்திச் சென்று, அது வரும் வழியில் மூழ்கி, எஞ்சினை அடக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

கப்பல்களும் சும்மா இருக்கவில்லை. சில நிமிடங்களுக்கு ஒருமுறை திசையை மாற்றி வளைந்து வளைந்து ஓடின. கணக்குப் போட்டு முடிப்பதற்குள் கணக்கு பிழைத்துவிடும் அல்லவா? பல கப்பல்கள் கூட்டமாகச் சேர்ந்து, நாசகாரிக் கப்பல்களின் காவலோடு சென்றன. ஒரு டார்பிடோ தவறினாலும் இன்னொன்று படட்டும் என்று நீர்மூழ்கியிலிருந்து மூன்று நான்கை விசிறி போல விரித்து விட்டார்கள். போரின் தொடக்க வருடங்களில் ஜெர்மன் டார்பிடோக்களும் அமெரிக்க டார்பிடோக்களும் அடிக்கடி பழுதாகின. சில அதிக ஆழத்தில் கப்பலுக்கு அடியால் போய்விட்டன. சில மோதியும் வெடிக்கவில்லை. இதையும் விளையாட்டில் அப்படியே வைத்திருக்கிறார்கள்.

டார்பிடோ வெடித்ததும் அடுத்த ஆபத்து நீர்மூழ்கிக்கு. காவல் கப்பல்கள் ஒலி அலை அனுப்பித் தேடும். ஆழ வெடிகுண்டுகளை எறியும். அப்போது எஞ்சினை நிறுத்தி, பேச்சை நிறுத்தி, ஆழத்தில் ஒளிந்திருக்க வேண்டும். விளையாட்டில் அந்தக் கட்டம் வந்தபோது என் மகனே மூச்சை அடக்கிக்கொண்டிருந்தான்.

தலை எண்ணும் பழக்கம்

அன்று அவன் ஒரு கப்பலை மூழ்கடித்துக் காட்டினான். நடுவில் தீப்பிடித்தது. வாலைத் தூக்கிக்கொண்டு அது கடலுக்குள் இறங்கியது. திரையில் இத்தனை ஆயிரம் டன் என்று ஓர் எண் வந்தது. அவன் முகத்தில் பெருமை.

ஐயா கேட்டார்: "உந்தக் கப்பலிலை எத்தினை சனம் தம்பி?"

அவன் திரையை மேலும் கீழும் பார்த்தான். "அது இதில காட்டல்ல அப்பு. டன் கணக்கு மட்டும்தான்."

ஐயா கோபப்படவில்லை. புத்திமதியும் சொல்லவில்லை. "நான் லோஞ்சை வெளிக்கிடுத்த முன்னம் தலை எண்ணுவன். குழந்தையளையும் சேத்துத்தான். அங்காலை போய் இறங்கேக்கையும் எண்ணுவன். பழகிப் போச்சு, அதுதான் கேட்டனான்" என்றார்.

அதன் பிறகு அவர் எதுவும் பேசவில்லை. ஏன் பேசவில்லை என்பது எனக்கும் என் தோழிக்கும் தெரியும். அந்தக் கடலில் 1985 மே 15-ந் திகதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. பெண்களும் குழந்தைகளுமாக 20-க்கும் மேற்பட்ட பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஏறும்போது எண்ணிய தலைகள் இறங்கும்போது குறைவதென்றால் என்னவென்று தீவுச் சனங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

கெதீவ் இஸ்மாயில்

புத்தளம் திரும்பிய பின்னும் ஐயாவின் கேள்வி என்னை விடவில்லை. விளையாட்டில் வருவது அட்லாண்டிக் சமுத்திரம். நம் பக்கத்தில், நம் இந்து சமுத்திரத்தில், இப்படி ஒரு கப்பல் தாக்கப்பட்டதா? அதில் எத்தனை பேர்? தேடிப் படித்தேன். கிடைத்த செய்தி என்னை உலுக்கிவிட்டது.

அந்தக் கப்பலின் பெயர் 'கெதீவ் இஸ்மாயில்'. சூயஸ் கால்வாய் 1869-ல் திறக்கப்பட்டபோது எகிப்தை ஆண்ட இஸ்மாயில் பாஷாவின் பெயர் அது. 1922-ல் கட்டப்பட்டு முதலில் தென் அமெரிக்கக் கடலில் ஓடிய கப்பல், 1935-ல் எகிப்து நாட்டுக் கம்பெனியிடம் வந்து இந்தப் பெயரைப் பெற்றது. போர்க்காலத்தில் துருப்புகளை ஏற்றிச் செல்லப் பயன்பட்டது.

1944 பெப்ரவரி முதல் வாரத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவின் மொம்பாசாவிலிருந்து ஐந்து துருப்புக் கப்பல்கள் ஒரே கூட்டமாகப் புறப்பட்டன. போக வேண்டிய இடம் கொழும்பு! ஆம், நம் கொழும்புதான். 'ஹாக்கின்ஸ்' என்ற போர்க்கப்பலும் 'பெட்டார்ட்', 'பலடின்' என்ற இரண்டு நாசகாரிகளும் காவலுக்கு வந்தன. கெதீவ் இஸ்மாயிலில் இருந்தவர்கள் மொத்தம் 1,511 பேர். கப்பல் ஊழியர் நீங்கலாக, கிழக்கு ஆப்பிரிக்கப் பீரங்கிப் படையினர் 996 பேர். பிரிட்டிஷ் கடற்படையினர் 271 பேர். இவர்களோடு பெண்களும் இருந்தார்கள். தாதிமாரும் அவர்களின் மேற்பார்வையாளரும் சேர்ந்து 54 பேர். கடற்படையின் பெண்கள் பிரிவில் 19 பேர். இன்னொரு பெண்கள் சேவைப் பிரிவில் 9 பேர்.

மாலைதீவின் தெற்கே ஒன்றரைப் பாகைக் கால்வாய் என்று ஒரு கடல்வழி உண்டு. ஹத்துன்மதி, ஹுவது என்ற இரண்டு பவளத்தீவுக் கூட்டங்களுக்கு இடையில், பூமத்திய ரேகைக்கு ஒன்றரைப் பாகை வடக்கே இருப்பதால் அந்தப் பெயர். மேற்கேயிருந்து இலங்கைக்கு வரும் கப்பல்களுக்கு அது ஒரு வாசல் மாதிரி. வாசலில் காத்திருப்பவனுக்குத் துரத்த வேண்டிய வேலை இல்லை.

பெப்ரவரி 12-ந் திகதி பிற்பகல் 'ஐ-27' என்ற ஜப்பானிய நீர்மூழ்கி அங்கே இருந்தது. அதன் தளபதி தோஷியாகி ஃபுகுமுரா. அவர் விரித்து விட்ட நான்கு டார்பிடோக்களில் இரண்டு கெதீவ் இஸ்மாயிலில் பட்டன. ஜப்பானிய நீர்மூழ்கிகளின் டார்பிடோக்கள் ஒட்சிசனால் ஓடியவை. மணிக்கு ஏறத்தாழ 50 கடல் மைல் வேகம். நீர்மட்டத்தில் குமிழிக் கோடு தெரிவதும் மிகக் குறைவு. கண்டு விலகுவது எளிதல்ல.

கப்பல் சில நிமிடங்களுக்குள் மூழ்கிவிட்டது. கீழ்த்தளங்களில் இருந்தவர்கள் படியேறி வருவதற்குக் கூட நேரமில்லை. 1,297 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் 208 ஆண்களும் 6 பெண்களும் மட்டுமே. இறந்த பெண்கள் 77 பேர்! பிரிட்டிஷ் பொதுநலவாய நாடுகளின் சேவைப் பெண்கள் ஒரே நிகழ்ச்சியில் இத்தனை பேர் மாண்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் கொழும்புக்கு வந்துகொண்டிருந்த தாதிமார்.

அதன் பிறகு நடந்ததுதான் இன்னும் கொடுமை. உயிர் தப்பியவர்கள் கடலில் நீந்திக்கொண்டும் மரத்துண்டுகளைப் பிடித்துக்கொண்டும் கிடந்தார்கள். பலடின் படகுகளை இறக்கி அவர்களைத் தூக்கத் தொடங்கியது. ஆனால் நீர்மூழ்கி இன்னும் கீழேதான் இருந்தது. நீந்திக்கொண்டிருந்த மனிதர்களுக்கு நேர் கீழே அது ஒளிந்திருந்ததாகச் சொல்லப்படுகிறது. விட்டுவிட்டால் மற்றக் கப்பல்களும் தாக்கப்படலாம், அவற்றிலும் ஆயிரக்கணக்கானோர். ஆழ வெடிகுண்டு போட்டாலோ, நீரில் கிடப்பவர்கள் அந்த அதிர்ச்சியிலேயே இறந்துவிடுவார்கள். பெட்டார்டின் தளபதி குண்டு போட்டார். உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தவர்களிடையே போட்டார்.

மூன்றாவது முறை குண்டு போட வந்தபோது நீர்மூழ்கி மேலே வந்துவிட்டது. பலடின் அதை இடித்து மூழ்கடிக்கப் போய்த் தன் விலாவைக் கிழித்துக்கொண்டது. பீரங்கிகளாலும் மூழ்கடிக்க முடியவில்லை. கடைசியில் பெட்டார்ட் தன்னிடமிருந்த டார்பிடோக்களை ஒவ்வொன்றாக விட்டது. ஆறு தவறின. ஏழாவது பட்டு ஐ-27 சிதறியது. மீட்கப்பட்டவர்களை மாலைதீவின் அட்டுத் தீவுக்கூட்டத்துக்குக் கொண்டு போனார்கள்.

வீட்டில் நடந்த விவாதம்

ஒரு நாள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். மகன் எண்களைத் தாளில் எழுதிக்கொண்டே கேட்டான். முடிந்ததும் அவன் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் தட்டிக்கழிக்கவும் முடியவில்லை.

"உம்மா, அதில ஆயிரம் பேருக்குக் கிட்ட இராணுவம். அந்த ஜப்பான் கெப்டன் விட்டிருந்தா அவங்க போய் ஜப்பான்காரன சுடுவாங்கதானே? அவருக்கும் வீட்டில ஆக்கள் இருப்பாங்க."

"தாதிமார்?" என்றாள் மகள். அவள் தாதிப் பயிற்சி பெற்றுக்கொண்டிருக்கிறாள்.

"கப்பலுக்குள்ள யார் இருக்கிறதென்று அவருக்குத் தெரியாதே!"

"அதைத்தான் தம்பி அந்த அப்பா கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டால் சரியாகிவிடுமா?"

பிறகு பெட்டார்ட் தளபதியின் பக்கம் பேச்சு திரும்பியது. குண்டு போட்டது சரியா, தவறா? மகன், போட்டே ஆக வேண்டும் என்றான். மற்றக் கப்பல்களில் இருந்தவர்களின் தொகையைக் கணக்குக் காட்டினான். மகள் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்: "எங்கட வாட்டிலயும் ஒரே நேரத்தில ரெண்டு பேருக்கு மோசமாகும். ஒரு கட்டில விட்டுட்டு மற்றதுக்கு ஓடத்தான் வேணும். அது சரி. ஆனா விட்டுட்டுப் போன கட்டில்ல இருந்தது யாரென்று தெரிஞ்சிருக்க வேணும். அவங்கட வீட்டு ஆக்களுக்கு நாங்கதான் பதில் சொல்ல வேணும்."

மகன் அதற்கு மறுமொழி சொல்லவில்லை. நானும் தீர்ப்புச் சொல்லப் போகவில்லை. 80 வருடங்களாகப் பெரியவர்களே விவாதிக்கும் கேள்விக்கு நான் எப்படி ஒரு வரியில் பதில் சொல்வேன்? ஆனால் ஒன்று மட்டும் எனக்குத் தெளிவாயிற்று. தூரம், வேகம், திசை என்ற மூன்று எண்களில் விளையாட்டின் கணக்கு முடிந்துவிடுகிறது. நாலாவது எண் ஒன்று உண்டு. அது கப்பலில் உள்ள தலைகளின் எண்ணிக்கை. அந்த எண் இல்லாமலும் டார்பிடோ குறி தவறாமல் போய்ச் சேரும். அதனால்தான் அதை நாமாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

கேட்டறிந்த ஒரு தளபதி

டார்பிடோ விட்ட பிறகு அந்த நாலாவது எண்ணை அறிய நேர்ந்த ஒரு தளபதியும் உண்டு. மகன் விளையாடும் அதே ஜெர்மன் படையைச் சேர்ந்தவர். வேர்னர் ஹார்ட்டன்ஸ்டைன் என்று பெயர். 1942 செப்டம்பர் 12-ந் திகதி மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அப்பால் 'லக்கோனியா' என்ற பிரிட்டிஷ் கப்பலை 'யூ-156' நீர்மூழ்கியிலிருந்து அவர் மூழ்கடித்தார். மேலே வந்து பார்த்தபோது இருட்டில் தண்ணீரிலிருந்து இத்தாலிய மொழியில் கூக்குரல் கேட்டது. கப்பலில் ஏறத்தாழ 1,800 இத்தாலியப் போர்க் கைதிகள் இருந்தார்கள். ஜெர்மனியின் நேச நாட்டவர்! பிரிட்டிஷ் பெண்களும் குழந்தைகளும் கூட இருந்தார்கள்.

அவர் தப்பி ஓடவில்லை. கிடைத்தவர்களைத் தன் நீர்மூழ்கியில் ஏற்றிக்கொண்டார். உயிர்ப் படகுகளைக் கயிற்றில் கட்டி இழுத்தார். யார் மீட்க வந்தாலும் தாக்க மாட்டேன் என்று ஆங்கிலத்தில், மறைமொழி இல்லாமல், எல்லோருக்கும் கேட்கும்படி வானொலியில் அறிவித்தார். செஞ்சிலுவைச் சின்னத்தை விரித்துக் காட்டினார். அப்படியிருந்தும் செப்டம்பர் 16-ந் திகதி ஓர் அமெரிக்க விமானம் வந்து குண்டு போட்டது. அவர் படகுகளை அவிழ்த்துவிட்டு மூழ்க வேண்டியதாயிற்று. மறுநாளே, மூழ்கிய கப்பலில் இருந்தவர்களை இனி எவரும் மீட்கக் கூடாது என்று ஜெர்மன் நீர்மூழ்கிப் படையின் தலைவர் டோனிட்ஸ் கட்டளையிட்டார். போருக்குப் பின் நியூரம்பேர்க் விசாரணையில் அந்தக் கட்டளை அவருக்கு எதிராக எடுக்கப்பட்டது. ஹார்ட்டன்ஸ்டைன் அவ்விசாரணைக்கு இல்லை. 1943 மார்ச்சில் அவரும் அவருடைய மாலுமிகள் அனைவரும் நீர்மூழ்கியோடு அழிந்துவிட்டார்கள்.

லக்கோனியாவிலிருந்து 1,000-க்கும் மேற்பட்டோர் பிழைத்தார்கள் என்றால், டார்பிடோ விட்டவரே நின்று உதவி கேட்டு அழைத்ததும் அதற்கொரு காரணம். அவர்களை மூழ்கடித்தவரும் அவரே என்பதையும் மறந்துவிடக் கூடாது. இரண்டையும் சேர்த்தே பிள்ளைகளுக்குச் சொன்னேன்.

நாம் செய்யக்கூடியது

"இந்த விளையாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டீர்களா?" என்று என் தங்கை கேட்டாள். இல்லை. நிறுத்தச் சொன்னால் நம் கண்ணுக்கு மறைவாக விளையாடுவான். மேலும் அதில் அவன் கற்றுக்கொண்டதும் கொஞ்சமல்ல. கோணம் படித்தான். பொறுமை படித்தான். உலகப் படத்தில் கடல்களைக் கண்டான். ஒரு பெரிய போரில் கடலுக்கடியில் இருந்தவர்கள் எப்படிப் பயந்தார்கள், எப்படிப் பசித்திருந்தார்கள் என்பதையும் படித்திருக்கிறான். அந்தப் போரில் கடலுக்குச் சென்ற ஜெர்மன் நீர்மூழ்கி மாலுமிகளில் நாலில் மூன்று பங்கினர் திரும்பி வரவில்லை என்ற செய்தியை எனக்குச் சொன்னவனே அவன்தான்.

நான் செய்தது இவ்வளவுதான். அஸருக்குப் பிறகு அவன் விளையாட உட்காரும்போது, கையில் கீரையோ பருப்போ ஏதாவது ஆய்வதற்கு எடுத்துக்கொண்டு பக்கத்தில் நானும் உட்காருகிறேன். அவன் ஒரு கப்பலை மூழ்கடித்தால் மூன்று கேள்விகள் கேட்கிறேன். இந்த மாதிரி நிஜக் கப்பலின் பெயர் என்ன? அது எங்கே போய்க்கொண்டிருந்தது? அதில் எத்தனை பேர் இருந்தார்கள்? முதல் சில நாட்கள் எரிச்சல்பட்டான். பிறகு தானே தேடத் தொடங்கினான். இப்போது ஒரு கொப்பியில் எழுதி வைக்கிறான். சரக்குக் கப்பலில் 40, 50 பேர். எண்ணெய்க் கப்பலிலும் ஏறத்தாழ அவ்வளவு. பிரிட்டிஷ் கப்பல்கள் பலவற்றில் இந்தியாவைச் சேர்ந்த 'லஸ்கர்' மாலுமிகளும் வேலை செய்தார்கள் என்று ஒரு நாள் வந்து சொன்னான். கரி அள்ளியவர்கள், எண்ணெய் போட்டவர்கள், சமையல் செய்தவர்கள். அவர்களில் முஸ்லிம்கள் ஏராளம். சம்பளப் பணத்துக்காக ஊரில் ஒரு உம்மாவும் மனைவியும் காத்துக்கொண்டிருந்திருப்பார்கள். எஞ்சின் அறை கப்பலின் அடிவயிற்றில் இருக்கிறது. டார்பிடோ படுவதும் அங்கேதான். அதை அவன் எனக்குச் சொன்னபோது குரல் சற்றுத் தாழ்ந்திருந்தது.

கணவரோ மகனோ கப்பலில் வேலைக்குப் போயிருக்கும் வீடுகள் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நாகூரிலும் கொழும்பிலும் இன்றும் உண்டு. இந்தப் பத்திரிகையைப் படிக்கும் சகோதரிகளிலேயே எத்தனையோ பேர் அப்படிப்பட்டவர்களாக இருப்பீர்கள். கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது என்று கேட்டுக் கேட்டு நாட்களை எண்ணுகிறவர்களுக்கு, ஒரு கப்பல் என்பது எத்தனை டன் என்பதல்ல. அதில் ஒருவர் இருக்கிறார் என்பதுதான்.

உங்கள் வீட்டுப் பிள்ளை விளையாடுவது நீர்மூழ்கியாக இருக்கலாம், விமானமாக இருக்கலாம், துப்பாக்கியாக இருக்கலாம். கோபித்துத் திரையை அணைப்பதற்கு முன் ஒரு முறை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அவன் போடும் கணக்கை முழுதாகக் கேளுங்கள். நன்றாகப் போட்டால் நன்றாகப் போட்டாய் என்று சொல்லுங்கள். பிறகு, அதில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேளுங்கள். பதில் உடனே வராது. என் மகனுக்கும் பல நாட்கள் பிடித்தன. கெதீவ் இஸ்மாயிலின் பக்கத்தில் 1,511 என்று அவன் கொப்பியில் எழுதியிருக்கிறான். அதற்குக் கீழே, நான் சொல்லாமலே, பெண்கள் 77 என்று தனியாக எழுதியிருக்கிறான்.